செத்தவன் சிரிக்க வேண்டும்

"சார், கண்ணாடியில மூச்சுக்காத்து படியுது. பொணம் மூச்சு விடுற மாதிரி தெரியுது. கொஞ்சம் மெதுவா விடுங்க" என்று குனிந்து சொல்லிவிட்டு உதவி இயக்குநர் இளவழகன் நகர்ந்துவிட்டான். மெதுவாக விட வேண்டுமாம். மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சு, தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி, நெற்றியில் திருநீற்றுக்கு நடுவே ஒட்டவைத்த நாணயம், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய நாடா, இவ்வளவையும் செய்து ஐஸ் பெட்டிக்குள் படுக்க வைத்துக் கண்ணாடி மூடியையும் போட்ட பிறகு எந்த வழியாக மெதுவாக விடுவது என்று சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் போலிருந்தது பெலிக்ஸுக்கு. கேட்க முடியாது. வாயைத் திறந்தால் முகத்தில் பூசிய சாம்பல் நிறப் பூச்சு விரிசல் விடும், மறுபடி முதலிலிருந்து பூசுவார்கள். காற்று வரட்டும் என்று கால்மாட்டில் மூடிக்கு அடியில் ஒரு மரச்சீப்பைச் செருகியிருந்தார்கள், அந்தக் காற்று என்னவோ கால்விரலோடு நின்றுவிட்டது. பெட்டி நிஜப் பெட்டி. வாடகைக்கு எடுத்தது, நேற்று வரை யார் யாரோ படுத்திருந்தது. பினாயில் ஊற்றிக் கழுவியும் பழைய ரோஜா மாலையின் புளித்த வாடை மெத்தை ஓரங்களில் மிச்சம் இருந்தது, அந்த வாடையில் யாரோ ஒருத்தருடைய முழங்கை இன்னும் தன் விலாவில் இடிப்பதாக அவனுக்குத் தோன்றியது, கொஞ்சம் நகருய்யா என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேவிட்டான். வெளியே சாவு வீட்டுக்கு வந்த துணை நடிகைகள் இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால், அவனுக்குத் தெரியாத ஏதோ ஒரு மூலையில், சுகந்தி உட்கார்ந்திருப்பாள். இன்னும் சற்று நேரத்தில் இந்த மூடியைத் தூக்குவார்கள். செத்துப்போன தணிகாசலத்தின் பெண்டாட்டியாக அவள் ஓடி வந்து விழுவாள், கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்து அடித்து அழுவாள். காட்சித்தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதை நேற்றுச் சாயங்காலம் படித்ததிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

சாப்பிடாத ஆளா அவன். தேளைச் சாப்பிட்டவன், புழுவைச் சாப்பிட்டவன், அதை மென்றுகொண்டே காமிராவைப் பார்த்துக் கண்ணடித்தவன். பெலிக்ஸ் என்றால் ஒரு தலைமுறைக்கே தெரியும், எந்த பெலிக்ஸ் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். காசிமேட்டில் வலை காயப்போடும் இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் குத்துச்சண்டை பழகினான், மூக்கு இரண்டு தடவை உடைந்தது, உடைந்த மூக்கு சினிமாவுக்குப் பிடித்துப்போனது. கதாநாயகனிடம் அடி வாங்கும் கும்பலில் கடைசி ஆளாக நின்றான், பிறகு கும்பல் தலைவனுக்குப் பக்கத்து ஆள், பிறகு தலைவனே ஆனான். நடுவில் யாருக்கோ மூளை கோணலாக வேலை செய்து, இந்த மூக்கோடு ஒருத்தன் இனிக்க இனிக்கப் பேசினால் எப்படி இருக்கும் என்று தோன்ற, ஒரு சேனலில் 'பாட்டோடு பேசு' நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளனாக உட்கார வைத்தார்கள். "கூப்பிட்டதுக்கு நன்றி, சிரிச்சதுக்கு ரெண்டு நன்றி" என்று பல் அத்தனையும் தெரியச் சொல்வான், அந்தப் பக்கம் போனில் யாராவது ஒரு பெண் "அண்ணா, படத்துல அந்த அடி அடிக்கிறீங்க, நேர்ல இவ்ளோ மெதுவா பேசுறீங்களே" என்று உருகுவாள். படத்தில் அடிப்பதும் டிவியில் சிரிப்பதும் ஒரே முகத்தால்தான், அதற்கு ஒன்றும் தனித்தனியாகப் பூட்டு சாவி கிடையாது. அதையெல்லாம் சேர்த்துப் பிசைந்துதான் 'காட்டுவழி' வந்தது. காட்டில், மலையில், நடுக்கடலில் ஒற்றை ஆளாகப் பிழைப்பது எப்படி என்று காட்டும் நிகழ்ச்சி, ஒற்றை ஆளுக்குப் பின்னால் இருபது பேர் டிபன் கேரியரோடு வருவார்கள் என்பது வேறு விஷயம். இரண்டாம் சீசன் அடுத்த மாதம் ஆரம்பிக்கப்போகிறது. அதனால்தான் அவன் யாரிடமும் சொல்லவில்லை. கோவா போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியூர் ஆஸ்பத்திரியில் படுத்து, இதயத்துக்குப் போகும் குழாயில் ஒரு வலைக்கம்பி வைத்துக்கொண்டு வந்திருந்தான். மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். நெஞ்சு அடைத்தவனை மலையில் ஏற்ற எந்தச் சேனல்காரன் சம்மதிப்பான்? நெஞ்சில் ஓங்கி அடித்தால் அந்தக் கம்பி என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்க அப்போது தோன்றவில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

மெதுவா அடிக்கச் சொல்லுங்க என்று இயக்குநர் பாண்டுரங்கனிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஏன் என்று கேட்பார். அவருக்கு வாய் சும்மா இருக்காது, சாயங்காலத்துக்குள் சாலிகிராமம் முழுக்கத் தெரிந்துவிடும். அதைவிட, அவளுக்குத் தெரிந்துவிடும். பெலிக்ஸுக்கு அடி வாங்கப் பயம் என்று சுகந்திக்குத் தெரிவதைவிட அந்தக் கம்பி அறுந்து போகட்டும். காலையில் ஒத்திகை பார்க்கும்போது அவள் பாண்டுரங்கனிடம் கேட்டாள், "நெஞ்சுல எத்தனை தடவை அடிக்கணும் சார்?" அவர் கையை விரித்து, "அது உங்க இஷ்டம் மேடம். மனசுல இருக்குறது எல்லாம் வரட்டும்" என்றார். மனசில் இருக்கிறதெல்லாம். அவள் பெலிக்ஸை ஒரு தடவை பார்த்தாள், வளையல்களை முழங்கை வரை தள்ளிவிட்டு மறுபடி இறக்கிக்கொண்டாள், போய்விட்டாள். தணிகாசலத்தைக் கதையிலிருந்து தூக்கச் சொன்னதே அவள்தான் என்று செட்டில் பேச்சு. இருக்கலாம். இந்த சீரியலே அவளை வைத்துத்தான் ஓடுகிறது, அவள் யாரைச் சாகச் சொன்னாலும் சாகத்தான் வேண்டும். ஆனால் ஐஸ் பெட்டியும் நெஞ்சில் அடியும் கேட்டு வாங்கினாளா? விபத்தில் காணாமல் போனதாகச் சொல்லி ஒரு போட்டோவில் மாலை போட்டால் ஆகாதா? அவன் விரல்கள் தாமாகவே மடங்கின. பிணத்தின் கை விரிந்திருக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தான். வலது கை கடைசியாகத்தான் திறந்தது. எப்போதும் அது அப்படித்தான், அவன் சொன்னதைக் கேட்டு நடக்கிற கை இல்லை அது.

அந்தக் கைதான். பழைய படம் ஒன்றில் சேர்ந்து நடித்தபோது சுகந்திக்கு இருபது வயசு இருக்கும், தென்காசிப் பக்கத்திலிருந்து அம்மாவோடு வந்து ஒரு லாட்ஜில் தங்கியிருந்தாள், கதாநாயகியின் தங்கை வேஷம். வில்லன் வீட்டுக்குள் புகுந்து அவளை அறைய வேண்டும். சண்டைப் பயிற்சி மாஸ்டர் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார், கை கிளம்பும்போது முழு வேகம், கன்னத்துக்கு நாலு விரல்கடை முன்னாலேயே மணிக்கட்டில் நிறுத்திவிடு, நீ பாப்பா, மூணு என்று சொல்லும்போது முகத்தை வெடுக்கென்று வலது பக்கம் திருப்பு, சத்தத்தை நாங்கள் அப்புறம் சேர்த்துக்கொள்கிறோம். அவள் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒன்று இரண்டு மூன்று என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். காமிரா ஓடியது. கை நிற்கவில்லை. நிற்கவில்லையா, நிறுத்தவில்லையா, இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவன் யோசனை முள்ளில் மாட்டிய வேட்டியாக நின்றுவிடும், இழுத்தால் கிழியும். அவள் மாஸ்டர் சொன்னபடியே மூணுக்கு முகத்தைத் திருப்பினாள், திருப்பினதால் கன்னத்தில் விழ வேண்டியது இடது காதில் விழுந்தது. பொத்தென்று ஒரு சத்தம், அதை அவன் உள்ளங்கைதான் கேட்டது. அவள் சுவரில் போய் மோதி, சரிந்து, எழுந்து நின்றாள். அழவில்லை. காதை மூடிக்கொண்டு எல்லாரையும் பார்த்தாள், எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். "இதுய்யா ரியாக்‌ஷன்!" என்று அந்த இயக்குநர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடி வந்தார், இதே அடியை அந்தப் பக்கம் இருந்து ஒன்று, மேலேயிருந்து ஒன்று, அவள் முகம் மட்டும் ஒன்று, அவன் முகம் மட்டும் ஒன்று. ஐந்து ஆங்கிள், ஐந்து அறை. கடைசி ஷாட்டில் அவள் காமிராவிலேயே இல்லை, அவன் முகம்தான், வெறும் காற்றில் கையை வீசியிருந்தால் போதும். அந்த ஐந்தாவது அறைதான் எல்லாவற்றையும்விட பலமாக விழுந்தது. விழுந்தபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொட்டகையில் எதிராளியின் தாடை நழுவும்போது தோளிலிருந்து ஒரு சூடு இறங்குமே, அந்தச் சந்தோஷம்.

அதை வைத்து எத்தனை வருஷம் பிழைத்தான். "நடிப்புல எனக்குப் பொய் சொல்ல வராது" என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னான். 'பாட்டோடு பேசு'வின் தீபாவளி நிகழ்ச்சிக்கு அவளே விருந்தினராக வந்து உட்கார்ந்தாள், அப்போது கொஞ்சம் பேர் வந்திருந்தது அவளுக்கு. "அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா சுகந்தி?" என்று இவன் சிரித்துக்கொண்டே கேட்டான். அவளும் சிரித்தாள். உட்கார்ந்தபடியே முகத்தை முக்கால்வாசி திருப்பி வலது பக்கத்தை அவனுக்குக் காட்டிக்கொண்டு சிரித்தாள். எப்போதும் வலது பக்கத்தைத்தான் காட்டுவாள், அந்தப் பக்கம்தான் அழகு என்று நினைப்பு அவளுக்கு என்று எல்லாரும் கேலி செய்வார்கள், இவன்தான் அதிகம் செய்தவன். போன மாதம் இதே செட்டில் ஒப்பனை செய்யும் கேசவன் இவன் மீசையை ஒட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், "மேடத்துக்கு எடது காது சுத்தமா கேக்காது சார். அதனாலதான் நாங்கல்லாம் வலது பக்கமா போய் நின்னு பேசுறது." எப்போதிருந்து என்று கேட்டான். "ஏதோ பழைய படத்துல அடி பட்டுச்சாம் சார். செவுள்ல விழுந்த அறைங்க." அப்படியா, என்றான் பெலிக்ஸ். அதற்குப் பிறகு டீயில் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னான். அன்றிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண் தானாக அந்தக் காதுக்குப் போகிறது, கம்மல் போட்ட, சின்ன, சாதாரணக் காது. அதைப் பார்த்தால் அவனுக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, ஏன் சொல்லவில்லை, அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே, ஊர் கூடியிருக்கும்போது என் சட்டையைப் பிடித்திருக்கலாமே, இத்தனை வருஷம் வட்டி போட்டு வைத்திருந்து இன்றைக்கு நெஞ்சில் அடிக்கப் போகிறாளா. அடிக்கட்டும். ஒரு அடி பலமாக விழுந்தால் எழுந்துவிடுவது என்று முடிவு செய்தான், பிணம் எழுந்து பெண்டாட்டியை அறைந்தது என்று வாரப் பத்திரிகை எழுதட்டும். முடிவு செய்த மறு நிமிஷமே நெஞ்சுக்குள் கம்பி இருக்கும் இடம் அரித்தது. அரிக்காது, அங்கே உணர்ச்சியே இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் அரித்தது.

"லைட்டிங் மாத்துறோம், அஞ்சு நிமிஷம்" என்று குரல் கேட்டது, காமிராமேன் ஜமால் பாய். 'காட்டுவழி'க்கும் அவர்தான் காமிரா. ஜவ்வாது மலையில் பசித்தவன் இரை தேடுவதை எடுத்தபோதும் அவர்தான் காமிராவுக்குப் பின்னால் இருந்தார். காட்டு மிருகத்தைத் தொட்டால் வனத்துறைக்காரர்கள் விட மாட்டார்கள் என்று சந்தையில் ஆடு வாங்கி வந்து புதரில் விட்டார்கள். முதல் ஆட்டின் கழுத்தில் கத்தி வைத்தபோது வெயில் மேகத்துக்குள் போய்விட்டது. இரண்டாவது ஆட்டில் அவன் முகம் தெளிவாக விழவில்லை. மூன்றாவது ஆடு மற்ற இரண்டும் கிடந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு நாலு காலையும் ஊன்றிக்கொண்டது, இழுத்த கையைக் கடித்தது, அதன் கண்ணுக்குள் தன் தலை கோணலாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டே அறுத்தான். ரத்தம் லென்ஸில் தெறித்தது, "இதை அப்படியே வெச்சுக்கலாம்" என்று கத்தினான். ஜமால் பாய் துடைத்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. பாய் பேசவே மாட்டார், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட மாட்டார். செத்த மாதிரி நடித்தவன் ஷாட் முடிந்து எழுந்ததும் காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பையும் படம் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சாவு பொய்யாகும். எல்லா செட்டிலும் உள்ள பழக்கம்தான், பாய் அதை ஒருநாளும் மறந்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர. லூர்து. பெலிக்ஸோடு அதே தகரக் கொட்டகையில் குத்து வாங்கியவன், சண்டைக் காட்சிகளில் மாடியிலிருந்து விழுகிறவன். ஒரு படத்தில் பிணமாகக் கிடந்து எழுந்தவன், "சிரிப்பை நாளைக்கு எடுத்துக்கோ பாய், ரயிலுக்கு நேரமாச்சு" என்று ஓடினான். மறுநாள் யாருக்கும் ஞாபகம் இல்லை. அடுத்த வாரம் கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் கயிறு அறுந்தது. முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவன் பெலிக்ஸ்தான். மண்டை ஒரு பக்கம் தட்டையாகிக் கிடந்தது, உதடு கிழிந்து மேல்வரிசைப் பல் அத்தனையும் வெளியே தெரிந்தது, தரையில் கிடந்த அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. தாமதமாக, யாருக்கும் வேண்டாத நேரத்தில். மலையிலிருந்து குதித்தவனுக்கு, சுறாவைத் தொட்ட பெலிக்ஸுக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பயம் அதுதான், சிரிக்காமல் எழுந்துவிடுவோமோ என்பது. ஒரு வேளை எழுந்திருக்கவே முடியாமல் போனால்? அவள் கை பட்டு, உள்ளே கம்பி நழுவி, அவர்கள் "ஷாட் ஓகே, சிரிங்க சார்" என்று சொல்லி, அவன் படுத்தே கிடந்தால், முதலில் எல்லாரும் தமாஷ் என்று நினைத்துக்கொண்டு கை தட்டுவார்களே. அவளுக்குத் தட்டாமல் போவார்களா?

மூடியைத் தூக்கினார்கள். விளக்குச் சூடு முகத்தில் விழுந்தது, கண்ணை மூடியிருந்தும் உள்ளே சிவப்பாக இருந்தது. ஒரு ஈ வந்து நாணயத்தின் மேல் உட்கார்ந்தது. "சைலன்ஸ்!" என்றார்கள், கிளாப் அடித்தார்கள், பாண்டுரங்கன் "ஆக்‌ஷன்" என்றார், துணை நடிகைகள் ஒரே குரலில் ஓவென்று ஆரம்பித்தார்கள், அதற்கு நடுவே காலடி ஓடி வந்தது. "என்னங்க! என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று அவள் குரல் தலைக்கு மேல் உடைந்தது. வளையல்கள் சலசலவென்று மேலே ஏறுவது கேட்டது, உயரத்தில் போய் நின்றது. இதோ. அவன் அடிவயிற்றை இறுக்கினான், குத்து வாங்கப் பழகிய உடம்பு, தோளைக் குறுக்கக் கூடாது, பிணம் குறுகாது, ஆண்டவரே, மரியே, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிறோமே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே காற்று இறங்கியது. காற்று மட்டும். மாலையில் இதழ்கள் அசைந்தன. மறுபடி வளையல் ஏறியது, மறுபடி இறங்கியது, சட்டைக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. ஏழோ எட்டோ அடி, எதுவும் படவில்லை. அவனுக்குச் சட்டென்று புரிந்தது. முழு வேகத்தில் கிளப்பி, மணிக்கட்டில் நிறுத்துவது. மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு அது இவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், அவளுக்கு இல்லை, அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். "கட்! மேடம், கை படவே இல்லை. குளோஸ்ல தெரிஞ்சுடும்" என்றார் பாண்டுரங்கன். "சத்தம் அப்புறம் சேர்த்துக்கலாம் சார்." "சத்தத்துக்குச் சொல்லல மேடம். பட்டாத்தான எமோஷன் வரும்? பெலிக்ஸ் சார் தாங்குவாரு, அவரு ஃபைட்டரு. நல்லா போட்டு அடிங்க." பிறகு சுகந்தி, குரலை உயர்த்தாமல், "எமோஷன் முகத்துல வரும் சார். கையில வராது" என்றாள்.

பயம் போய்விட்டது. அது போன இடத்தில் வெறி வந்து உட்கார்ந்தது. பெலிக்ஸுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போலிருந்தது, ஏற்கெனவே கட்டித்தான் வைத்திருந்தார்கள். யார் கேட்டார்கள் இவளிடம் தர்மம்? நாற்பது பேருக்கு முன்னால் தன்னை அடிக்காமல் விட்டுவிட்டாளே, பிச்சையாகத் தூக்கி வீசிவிட்டாளே, அடித்திருந்தால் சரிக்குச் சரி, கணக்கு முடிந்தது, ஐந்துக்கு ஐந்து, பத்தாகக்கூட வாங்கிக்கொள்ளலாம், நாளைக்கு இரண்டு பேரும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சிரிக்கலாம். அடிடி. கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சிலேயே குத்திக்கொள்ள வேண்டும், வளையல் உடைந்து சதையில் ஏற வேண்டும், அந்தக் கம்பி தெறித்து முதுகு வழியாக வெளியே போக வேண்டும், அப்போதாவது அவள் முகம் மாறுமா பார்க்க வேண்டும். இரண்டாவது டேக்கிலும் காற்றுதான் இறங்கியது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது, நிஜமாகவே களைத்திருந்தாள், அடிக்கிறதைவிட அடிக்காமல் நிறுத்துவதற்குத்தான் கை அதிகம் வலிக்கும், அது இவனுக்குத் தெரியாதது, தெரிந்துகொள்ளாதது. பாண்டுரங்கன் அலுத்துப்போய், "சரி மேடம், அடிக்க வேணாம். அப்படியே நெஞ்சுல சாஞ்சு அழுதுடுங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். மூன்றாவது டேக். அவள் வந்தாள், மண்டியிட்டாள், தலையை அவன் நெஞ்சில் வைத்தாள். தலை கனமாக இருந்தது. மல்லிகைப்பூ, கிளிசரின், லேசான வியர்வை. அந்தக் கனம் கம்பியின் மேல்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இதயம் மட்டும் கதவைத் தட்டுகிறவன் மாதிரி தட்டிக்கொண்டிருந்தது, கேட்டுவிடுவாளே என்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அழுகையில் அவள் தோள் குலுங்கியது. அப்போது கட்டிய தாடைக்குள்ளிருந்து, உதடு அசையாமல், அது கிளம்பியது, அவன் கிளப்பவில்லை, சத்தியமாக அவன் கிளப்பவில்லை. "சுகந்தி, படும்னு தெரிஞ்சேதான் அடிச்சேன். அஞ்சையும்."

சொல்லிவிட்டான். அவள் அழுகை நிற்கும், தலை தூக்கும், கை இறங்கும், இப்போது நிறுத்த மாட்டாள், இறங்கட்டும் என்று நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் தணிகாசலத்துக்காக அழுதுகொண்டே இருந்தாள். குரலில் ஒரு இழை மாறவில்லை. ஏன் என்று யோசித்தான், பிறகு கன்னத்துச் சதை சில்லிட்டது. ஜமால் பாயின் காமிரா இருக்கும் பக்கம் பார்த்து அவள் சாய்ந்திருக்கிறாள். நெஞ்சில் அழுந்தியிருப்பது இடது காது. அவன் உடைத்த காதுக்குள்ளேயே அவன் சொல்லியிருக்கிறான். இது இப்போதுதான் புரிந்ததா, சொல்லும்போதே தெரியுமா, கேட்காது என்று தெரிந்ததால்தான் வாய் தைரியமாகக் கிளம்பியதா, வேட்டி மறுபடி அதே முள்ளில் மாட்டிக்கொண்டது. "கட்! ஷாட் ஓகே!" நிஜமாகவே கை தட்டினார்கள். தாடைக் கட்டை இளவழகன் அவிழ்த்தான், பஞ்சை எடுத்தான், காற்று மொத்தமாக உள்ளே வந்தது. கண்ணைத் திறந்தபோது சுகந்தி இன்னும் பக்கத்தில்தான் இருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, முகத்தைத் திருப்பி வலது காதை அவன் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள். "நடுவுல ஏதோ சொன்னீங்க இல்ல சார்? நெஞ்சு அதிர்ந்துச்சு. அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது. இப்ப சொல்லுங்க."

கேட்கிற காது. கம்மலுக்குப் பக்கத்தில் ஒரு நரைமுடி. யாரும் இவர்களைக் கவனிக்கவில்லை, பக்கத்தில் நின்றவன்கூட மாலையைக் கழற்றுவதில்தான் மும்முரமாக இருந்தான். ஒரு வாக்கியம்தான், சற்று முன்னால் சொன்ன அதே வாக்கியம், வாயில் இன்னும் அதன் ஈரம் இருந்தது. "ஒண்ணுமில்ல மேடம்" என்றான் பெலிக்ஸ். "இருமல் வந்துச்சு. அடக்கினேன்." அவள் உடனே நிமிரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், ஒருவேளை வருமோ என்று காத்திருப்பவளாக, அப்படியே குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அப்படியா" என்றாள். புடவையைச் சரி செய்துகொண்டு, டீ இருக்கா என்று யாரையோ கேட்டபடி போனாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். கால் கட்டைவிரல்கள் இன்னும் கட்டியே இருந்தன. பெட்டிக்கு எதிரே ஜமால் பாய் காமிராவைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார், சிவப்பு விளக்கு எரிந்தது. "சிரிங்க சார்" என்றார், "சிரிச்சுட்டுப் போங்க." பெலிக்ஸ் வாயைத் திறந்தான். வருமா என்று ஒரு கணம்தான் பயந்தான். பல் அத்தனையும் தெரிய, 'பாட்டோடு பேசு' சிரிப்பு, தேளைக் கடித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு, ஒரு குறையும் இல்லாமல் முழுசாக வந்து முகத்தில் உட்கார்ந்தது. பாய் கட்டைவிரலை உயர்த்தினார். காலையிலிருந்து எடுத்ததில் முதல் டேக்கிலேயே ஓகே ஆனது அது ஒன்றுதான்.